அறுபது கணினிக்கு ஒரு கம்பைலர்: டைப்ஸ்கிரிப்டை டெபியனில் ஏற்ற எந்த வழி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரி லேப் என்று வைத்துக்கொள்வோம். அறுபது கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ், வெளியே போக ஒரே இணைய இணைப்பு. வெப் புரோகிராமிங் பாடத்துக்கு டைப்ஸ்கிரிப்ட் (டைப் குறிப்புகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) வேண்டும்; அதைச் சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவது அதன் கம்பைலர். "என்பிஎம்மில் ஒரே வரி, வந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கருவி. ஒரு கணினியில் வந்துவிடும்தான். அறுபதிலும் ஒரே பதிப்பு வர வேண்டும், மாணவர் கை பட்டு மாறக் கூடாது, மழையில் இணைப்பு அறுந்தாலும் புதிதாக ஃபார்மட் செய்த கணினியில் ஏற்ற முடிய வேண்டும், அடுத்த ஆண்டு வேறொருவர் பொறுப்பேற்றாலும் ஓட வேண்டும் என்றால், அந்த ஒரு வரி போதாது.

இணைப்பு அறுவதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், சாதாரண ஐப்பசி மழையே கேபிளை அறுக்கப் போதும்.

நிஜமாகவே கையில் இருக்கும் வழிகள் ஐந்து: டெபியன் தருவதை அப்படியே எடுப்பது, ஒவ்வொரு கணினியிலும் என்பிஎம் மூலம் நிறுவுவது, என்பிஎம் தரும் கட்டை டெபியனின் நிறுவல் வடிவமான டெப் கோப்பாக மாற்றிக்கொள்வது, மூல நிரலிலிருந்து முறையாகக் கட்டுவது, கணினியில் எதுவும் ஏற்றாமல் ஒவ்வொரு புராஜெக்டுக்குள்ளும் கம்பைலரை வைப்பது. லேபுக்கு மூன்றாவதும் ஐந்தாவதும் சேர்ந்த கலவையே சரி. ஆனால் முதல் வழியைப் பார்க்காமல் தாண்டிப் போகக் கூடாது.

டெபியன் தருவது

டெபியன் 12-இல் நோட்-டைப்ஸ்கிரிப்ட் என்ற பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கிறது. டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடி வழியாக ஒரு கட்டளை, முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் டெபியனே தரும். இறங்கிய பேக்கேஜ்களைச் சேமித்து வைக்கும் ஏபிடி-கேஷர்-என்ஜியை லேப் சர்வரில் போட்டு, அதன் வழக்கமான 3142 போர்ட்டை மற்ற கணினிகளுக்குக் காட்டிவிட்டால், ஒரு முறை இறங்கிய கோப்பு மறுபடி வெளியிலிருந்து வராது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?

இந்த வெண்ணெய்க்கு வயதாகிவிட்டது என்பதுதான் சிக்கல். டெபியன் 12 வெளியானது 2023 ஜூன். அதில் இருக்கும் கம்பைலர் 4.8 வரிசை, 2022 ஆகஸ்டில் வந்தது. டெபியனின் நிலைப் பதிப்பு உறைந்த பிறகு மொழியின் புதுப் பதிப்பு உள்ளே வராது. அந்தக் கொள்கை தவறும் அல்ல. ஆனால் டைப்ஸ்கிரிப்ட் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. சாட்டிஸ்ஃபைஸ் என்ற ஆபரேட்டர் 4.9-இல் வந்தது, 4.8-இல் எழுதினால் தொடரியல் பிழை. புதிய முறை டெக்கரேட்டர்கள் 5.0-இல் வந்தவை. மாணவர்கள் இணையத்திலிருந்து எடுத்து வரும் வீட் (வெப் புராஜெக்ட் கட்டும் கருவி) டெம்ப்ளேட்டில் மாட்யூல் ரெசல்யூஷன் "பண்ட்லர்" என்று இருக்கும்; அதுவும் 5.0-இல் வந்ததே. 4.8 அதைப் பார்த்ததும் 6046 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். மாணவர் தன் நிரலில் தவறு தேடிக்கொண்டிருப்பார், தவறு கம்பைலர் அமைப்புகளை எழுதும் டிஎஸ்-கான்ஃபிக் கோப்பில் இருக்கும்.

பாடத்திட்டம் அடிப்படை டைப், இன்டர்ஃபேஸ், கிளாஸ், ஜெனரிக்ஸ் வரைதான் என்றால் 4.8 தாராளம். அப்படியானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. ரியாக்ட், ஆங்குலர் என்று போனால், அல்லது திருவனந்தபுரம் டெக்னோபார்க் வேலையைக் கண்ணில் வைத்துப் படிக்கும் மாணவர்கள் என்றால், 5-க்குப் போயே ஆக வேண்டும்.

ஒவ்வொரு கணினியிலும் என்பிஎம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் லேபுக்கு இது பொருந்தவே பொருந்தாது. பதிப்பு எண் சொல்லாமல் நிறுவினால் அன்றைக்கு எது புதியதோ அது வரும். முப்பது கணினியை வெள்ளிக்கிழமையும் மீதியைத் திங்களும் செய்தால் இரண்டு பதிப்புகள் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. பெரிய எண் மாறாமல் பழைய நிரலை உடைக்கக் கூடாது என்ற செமாண்டிக் வெர்ஷனிங் முறையை டைப்ஸ்கிரிப்ட் பின்பற்றுவதில்லை; 5.4-இல் கம்பைல் ஆன நிரல் 5.5-இல் பிழை காட்டினால் அது அவர்கள் கணக்கில் இயல்பானதே.

டெபியனின் என்பிஎம் பேக்கேஜை ஏற்றினாலே நூற்றுக்கணக்கான நோட் பேக்கேஜ்கள் கூட வருகின்றன. கம்பைலருக்காக மட்டும் என்றால் அறுபது கணினியிலும் அது வீண் சுமை. கம்பைலரை ஓட்ட, ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்ஜேஎஸ் மட்டும் போதும், என்பிஎம் தேவையே இல்லை.

இன்னொரு தொல்லை பின்னால் வரும். டெபியனில் என்பிஎம்மின் பொது நிறுவல் யூஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறைக்குள் போகிறது. கட்டளையைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் வரிசையில் யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் முதலில் வரும், யூஎஸ்ஆர்-பின் பிறகு. பின்னாளில் நல்ல முறையில் டெப் பேக்கேஜ் ஏற்றினாலும் கம்பைலரின் கட்டளையான டிஎஸ்சியைத் தட்டினால் பழைய என்பிஎம் நகலே ஓடும். "பேக்கேஜ் ஏறிவிட்டது, பதிப்பு மட்டும் மாறவில்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாஷில் டைப் கட்டளையை மைனஸ் ஏ-யுடன் கொடுத்தால் எத்தனை டிஎஸ்சி எங்கெங்கே இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். பழையதை நீக்கிய பிறகு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வந்தால், பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஹேஷ் மைனஸ் ஆர் கொடுத்தால் மறந்துவிடும்.

என்பிஎம் கட்டை டெப் ஆக்குவது

டைப்ஸ்கிரிப்டில் ஒரு வசதி: என்பிஎம்மில் இருக்கும் அதன் கட்டுக்கு ஓடும்போது வேறு எந்தச் சார்பும் கிடையாது. ஒரே கட்டு, நோட்ஜேஎஸ் இருந்தால் ஓடும். 5.5-இல் கட்டைச் சுருக்கிவிட்டார்கள். இறக்கும்போது சுமார் 4 எம்பி, விரித்தால் 20 எம்பி சுற்று. அறுபது கணினிக்கும் உள்வலையில் 240 எம்பிதான் ஓடும், வெளி இணைப்பில் அந்த 4 மட்டுமே. அதனால்தான் இந்த வழி இங்கே எளிது. முப்பது சார்புகள் உள்ள வேறொரு கருவிக்கு இதே வழியைச் சொல்ல மாட்டோம்.

5.5.4-ஐ உதாரணமாக வைத்துச் செய்முறை இதோ. இந்த வேலைக்கு ஒரே ஒரு கணினியில் என்பிஎம் இருந்தால் போதும். அதில் "நிறுவு" என்று சொல்லாமல் "பேக்" என்று, முழுப் பதிப்பு எண்ணுடன் கேட்டால் டிஜிஇசட் கோப்பு மட்டும் இறங்கும். அது காட்டும் ஷா-512 இன்டெக்ரிட்டி மதிப்பையும் என்பிஎம் வியூ காட்டுவதையும் ஒப்பிட்டு, ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். விரித்தால் பேக்கேஜ் என்ற கோப்புறை கிடைக்கும். அதற்குள் பின், லிப் இரண்டும் இருக்கும். இதை முழுசாக ஓபிடி கோப்புறைக்குள் டைப்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் வையுங்கள். யூஎஸ்ஆர்-பின்னில் டிஎஸ்சி, டிஎஸ்-சர்வர் (எடிட்டர் பயன்படுத்தும் துணை நிரல்) இரண்டுக்கும் சிம்லிங்க், அதாவது உண்மைக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி.

சிம்லிங்க் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னில் இருக்கும் டிஎஸ்சி கோப்பு சில வரிகள்தான். ஒரு படி மேலே போய் லிப்பில் இருக்கும் உண்மையான கம்பைலரை அழைக்கும். அதை யூஎஸ்ஆர்-பின்னுக்கு நகலெடுத்தால் அங்கிருந்து ஒரு படி மேலே தேடி, "மாட்யூல் கிடைக்கவில்லை" என்று சொல்லும். சிம்லிங்க் என்றால் நோட் உண்மையான இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தேடும். பாத் மாற்றத்தைப் புரொஃபைல்-டி கோப்புறையில் எழுதுவது இன்னொரு யோசனை. எல்லா டெஸ்க்டாப்பும் டெர்மினலை லாகின் ஷெல்லாகத் திறப்பதில்லை, ஆகவே சில கணினியில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. சிம்லிங்கே நிம்மதி.

டெப்பின் விவரங்களை எழுதும் கண்ட்ரோல் கோப்பில் கவனிக்க வேண்டிய வரிகள் சில. பேக்கேஜ் பெயரை நோட்-டைப்ஸ்கிரிப்ட் என்று வைக்காதீர்கள். டெபியன் 13-க்கு மாறும் நாளில் எது எதை மிதிக்கும் என்று தெரியாமல் போகும். லேப்-டைப்ஸ்கிரிப்ட் என்பது போலத் தனிப்பெயர் வையுங்கள். ஆர்க்கிடெக்சர் "ஆல்", ஏனென்றால் உள்ளே இருப்பது முழுக்க ஜாவாஸ்கிரிப்ட்தான். டிபெண்ட்ஸ் வரியில் நோட்ஜேஎஸ் 14.17 அல்லது அதற்கு மேல். டெபியன் 12-இல் இருப்பது 18, ஆகவே கவலையில்லை. கான்ஃப்ளிக்ட்ஸ், ரீப்ளேசஸ் இரண்டிலும் நோட்-டைப்ஸ்கிரிப்ட் பெயரை எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டும் ஒரே டிஎஸ்சி கோப்புக்கு உரிமை கொண்டாடும், டெப்பை ஏற்றும் டிபிகேஜி "மற்றொரு பேக்கேஜில் உள்ள கோப்பை மேலெழுதப் பார்க்கிறது" என்று பாதியில் நிற்கும்.

இந்தப் பேக்கேஜ் வேறு எதன் இடத்தையும் நிரப்பும் என்று சொல்லும் புரொவைட்ஸ் வரியில் நோட்-டைப்ஸ்கிரிப்ட் என்று சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பக்கம்: வேண்டாம். சேர்த்தால், 4.8-ஐ நம்பிக் கட்டப்பட்ட டெபியன் கருவிகள் 5.5-ஐப் பார்த்துச் "சரி, இருக்கிறது" என்று ஏறிவிடும், ஓடும்போதுதான் உடையும். சேர்க்காவிட்டால் ஏபிடி ஏற்றும்போதே மறுக்கும் அல்லது எவற்றை நீக்கப் போகிறது என்று காட்டும். முதலில் ஒத்திகையாக மைனஸ் எஸ் போட்டுப் பாருங்கள்.

கோப்பு உரிமையில் கை தவறினால் லேபில் நேரடி ஆபத்து. டிபிகேஜி-டெப்பால் கட்டும்போது ரூட்-ஓனர்-குரூப் விருப்பத்தைக் கொடுக்க மறந்தால், கட்டியவரின் பயனர் எண்ணே உள்ளே போகும். பெரும்பாலும் அது 1000. லேப் கணினியில் 1000 என்பது முதலில் உருவாக்கிய கணக்கு. பல இடங்களில் அதுவே மாணவர் கணக்கு. அப்படியானால் எந்த மாணவரும் கம்பைலரையே திருத்தலாம். மறுபக்கம், கட்டியவரின் யூமாஸ்க் (புதுக் கோப்பின் இயல்பான உரிமை) 077 என்றால் கோப்புறை ரூட்டுக்கு மட்டுமே திறக்கும். நிர்வாகிக்கு ஓடும், மாணவருக்கு "மாட்யூல் கிடைக்கவில்லை". கட்டும் முன் எல்லாருக்கும் படிக்கும் உரிமை, உரியவருக்கு மட்டும் எழுதும் உரிமை என்று மாற்றிவிடுங்கள். கட்டி முடித்ததும் டிபிகேஜி-டெப் மைனஸ் சி கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள், எல்லா வரியிலும் ரூட்-ரூட் இருக்க வேண்டும். சோதனையை எப்போதும் மாணவர் கணக்கில் செய்யுங்கள்.

சுருக்கும் முறையிலும் ஒரு கண்ணி. உபுண்டு 21.10-இலிருந்து டிபிகேஜி-டெப் இயல்பாக இசட்-ஸ்டாண்டர்டில் சுருக்குகிறது. டெபியன் 12 அதைப் படிக்கும், 11 படிக்காது. "தெரியாத சுருக்கம்" என்று தள்ளிவிடும். ஆகவே எக்ஸ்-இசட் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கட்டுங்கள். பழைய பாஸ் லினக்ஸ் கணினிகள் ஓரத்தில் இருந்தால் இது இன்னும் முக்கியம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான், ஆனால் உங்கள் கணினியில் இருப்பது எந்த டெபியனின் மேல் கட்டியது, அதன் நோட்ஜேஎஸ் எத்தனை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீட்டா பதிப்பை யாரும் கட்டப் போவதில்லை என்றாலும் ஒரு வார்த்தை. 5.6.0-பீட்டா என்று அப்படியே எழுதினால் டிபிகேஜி கணக்கில் "பீட்டா" என்பது திருத்த எண்ணாகி, 5.6.0-1-ஐவிடப் பெரியதாகிவிடும். ஹைஃபனுக்குப் பதில் டில்டே (~) போட்டால்தான் சிறியது. டைப்ஸ்கிரிப்டில் வேடிக்கை என்னவென்றால் பீட்டா .0, ஆர்சி .1, நிலைப் பதிப்பு .2 அல்லது அதற்கு மேலிருந்து தொடங்கும். ஆகவே இந்தத் தப்பு பெரும்பாலும் கடிக்காது. கடிக்காததால்தான் பலரும் கற்றுக்கொள்வதும் இல்லை.

உரிமம் அப்பாச்சி 2.0. உள்ளே வரும் உரிமக் கோப்பையும் மூன்றாம் தரப்பு அறிவிப்புக் கோப்பையும் இடம் மிச்சம் பிடிக்க நீக்காதீர்கள்.

கட்டியதை அறுபது பென்டிரைவில் கொண்டு போக வேண்டாம். சர்வரில் ரெப்ரெப்ரோ கருவி கொண்டு ஒரு சிறு ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்), முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். இங்கே உடைவது மூன்று இடங்களில். முதலாவது, ரெப்போவுக்குக் கையொப்பமிடும் ஜிபிஜி சாவியின் காலாவதி. இயல்பாக உருவாக்கினால் சில ஆண்டில் முடிந்துவிடும், அன்றைக்கு எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் ரெப்போவை ஏற்க மறுக்கும். உருவாக்கியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். முடியும் தேதியைச் சர்வர் மேலேயே ஒட்டி வையுங்கள். இரண்டாவது, கணினியின் கடிகாரம். பழைய கணினியில் சிமாஸ் பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும், ரிலீஸ் கோப்பு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஏபிடி சொல்லும். ரெப்போவைத் தோண்ட வேண்டாம், தேதியைப் பாருங்கள். உள்வலையிலேயே நேரம் தரும் ஒரு என்டிபி சர்வர் வைத்தால் தீரும். மூன்றாவது, தானியங்கிப் புதுப்பிப்பு. அது அனுமதித்த ஒரிஜின்களை மட்டுமே தொடும், உங்கள் ரெப்போவின் ஒரிஜின் பெயரைத் தனியே சேர்க்காவிட்டால் எத்தனை முறை புதிய டெப் வைத்தாலும் கணினிகள் அசையா. பழைய டெப்பைத் தனியாக ஓர் இடத்தில் எடுத்து வையுங்கள், திரும்பிப் போக வேண்டியிருந்தால் தேவைப்படும்.

இந்த வழியின் பெரிய குறை ஒன்றுதான்: புதுப்பிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். டெபியன் பாதுகாப்புக் குழு உங்கள் லேப்-டைப்ஸ்கிரிப்டைப் பார்க்கப் போவதில்லை.

மூல நிரலிலிருந்து

டெபியனுக்கே பங்களிக்க விரும்பினால் இதைத் தவிர வேறு வழியில்லை. என்பிஎம் கட்டில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கம்பைலர் கக்கிய வெளியீடுதான். மனிதர் திருத்தும் மூலம் அல்ல. டெபியனின் முதன்மைப் பிரிவில் மூலத்திலிருந்தே கட்ட வேண்டும், கட்டும்போது இணையத்தைத் தொடக் கூடாது.

கடினம் எங்கே என்றால், டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, அதைக் கட்ட முந்தைய கம்பைலர் ஒன்று வேண்டும். டெபியனில் ஏற்கெனவே ஒரு பதிப்பு இருப்பதால் உறைக்குக் குறைவில்லை, ஆனால் 4.8-ஐ வைத்து 5.5-ஐ ஒரே தாவலில் கட்ட முடியும் என்று எண்ண வேண்டாம், நடுவில் படிகள் தேவைப்படலாம். 5.0-இலிருந்து இஎஸ்-பில்ட் கொண்டு ஒன்றாகக் கட்டுகிறார்கள், ஹியர்பை என்ற பணி ஓட்டியைப் பயன்படுத்துகிறார்கள். டெபியனில் இல்லாத கருவிகளுக்குக் கட்டுமான விதிகளைத் திருத்தி எழுத வேண்டும். சோதனை ஒப்பீட்டுக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பதிப்பு எண்ணில் "டிஎஸ்" என்ற ஒட்டைப் பார்த்தால், மூலக் கட்டிலிருந்து சிலவற்றை நீக்கி மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரு லேபுக்காக இதைச் செய்வது கொசுவை விரட்ட வீட்டைக் கொளுத்துவது. ஆனால் நான்கு மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு விஷயம் தேடுகிறார்கள் என்றால் இதைவிட நல்லது கிடைப்பது அரிது. புதிய பேக்கேஜ் தொடங்க வேண்டாம். டெபியன் ஜாவாஸ்கிரிப்ட் குழு சல்சா என்ற டெபியனின் நிரல் தளத்தில் வைத்திருக்கும் களஞ்சியத்தில் உதவினால் போதும்.

எல்ம் போன்ற மொழியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். எல்ம் கம்பைலர் ஹாஸ்கெல்லில் எழுதியது, 0.19.1 வந்தது 2019 அக்டோபரில். ஒரே பைனரி, டெப்புக்குள் வைக்க ஐந்து நிமிடம். ஆனால் முதல் முறை ஓடும்போது அடிப்படை நூலகங்களைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்கு இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும், இணைப்பில்லாத லேபில் அங்கேயே நிற்கும். பேக்கேஜ் எளிதாகக் கட்டப்படுவதும் லேபில் ஓடுவதும் வேறு வேறு.

புராஜெக்டுக்குள்ளேயே

வேலையிடத்தில் நடப்பது இதுதான்: ஒவ்வொரு புராஜெக்டும் தன் கம்பைலர் பதிப்பைத் தன் லாக் கோப்பில் எழுதி வைத்திருக்கும், என்பிஎம் சிஐ கொடுத்தால் அதே பதிப்பு, அதே ஹேஷ். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவருக்கும் இதே முறை ஓடும். லேபில் இதற்குக் கணினிகளில் என்பிஎம்மும், வெர்டாச்சியோ என்ற உள்ளூர் என்பிஎம் சர்வரும் வேண்டும். அந்தச் சர்வர் 4873 போர்ட்டில் உட்காரும், ஒரு முறை இறங்கிய கட்டைச் சேமித்துக்கொள்ளும். வகுப்புக்கு முந்தைய நாள் ஒரு முறை முழு புராஜெக்டையும் அதன் வழியாக நிறுவிப் பாருங்கள், சேமிப்பு நிரம்பும்.

இதில் மாணவர்கள் விழும் குழி ஒன்று. கம்பைலர் உள்ளே இல்லாத கோப்புறையில், பேக்கேஜை நேரடியாக ஓட்டும் கட்டளையைக் கொண்டு என்பிஎக்ஸ் டிஎஸ்சி என்று தட்டினால், என்பிஎக்ஸ் போய் டிஎஸ்சி என்ற பெயரில் இருக்கும் வேறொரு பழைய பேக்கேஜை எடுத்து வரும். அது "நீங்கள் தேடும் டிஎஸ்சி இதுவல்ல" என்று சொல்லிவிட்டு ஓயும். லேப்-டைப்ஸ்கிரிப்டும் கூடவே இருந்தால், வெறும் டிஎஸ்சி எப்போதும் ஓடும். அதனால்தான் இரண்டும் சேர்ந்திருக்கட்டும் என்கிறோம். பொதுப் பதிப்பும் பாட டெம்ப்ளேட்டின் லாக் கோப்பில் உள்ளதும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

எடிட்டர் பக்கம் ஒரு சிறு திருத்தம். டிஎஸ்-சர்வர் டைப் விவரங்களைத் தானே இணையத்திலிருந்து இறக்கிப் பயனரின் கேஷ் கோப்புறையில் வைக்கப் பார்க்கும். விஎஸ் கோடு அமைப்பில் அந்தத் தானியங்கிப் பெறுதலை நிறுத்துங்கள். நோட்டுக்கான டைப் கட்டைத் தனி டெப்பாகக் கொடுத்தால், என்பிஎம்மிலிருந்து வந்த கம்பைலர் அதைத் தானாகக் காணாது. புராஜெக்ட் கோப்புறையிலும் அதற்கு மேலே உள்ளவற்றிலும் மட்டும்தான் தேடும். டிஎஸ்-கான்ஃபிக்கில் டைப்-ரூட்ஸ் வரியில் இடத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "பிராசஸ் என்ற பெயர் தெரியவில்லை" என்ற பிழைதான் முதல் வகுப்பு.

தனி அடைப்புக்குள் மென்பொருளை ஓட்டும் டாக்கர், ஸ்நாப் இரண்டையும் பலர் கேட்பார்கள். நான்கு ஜிபி கணினியில் 20 எம்பி கம்பைலருக்காக டாக்கர் ஏற்றுவது தேவையற்றது. ஸ்நாப்பின் அடைப்பு, மாணவர் கோப்புறைகள் சர்வரிலிருந்து பகிரும் என்எஃப்எஸ்ஸில் இருக்கும் லேபில் தொல்லை தரும்.

கோ மொழிக்கு மாறும்போது

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், கம்பைலரைக் கோ மொழிக்கு மாற்றி எழுதுவதாக அறிவித்தது. விஎஸ் கோடின் 15 லட்சம் வரிகளைச் சோதிக்க 77.8 நொடி எடுத்தது 7.5 நொடியானதாகக் காட்டினார்கள். அந்த வரிசைக்கு 7 என்று எண். பழைய கணினிக்கு அது பெரிய வரம், ஆனால் மேலே சொன்ன செய்முறையில் சில வரிகள் மாறும். ஆர்க்கிடெக்சர் "ஆல்" செல்லாது. ஏஎம்டி-64-க்கு ஒன்று, ராஸ்பெர்ரி பை இருந்தால் ஆர்ம்-64-க்கு ஒன்று எனத் தனித்தனி டெப். மூலத்திலிருந்து கட்டுவோருக்கு உறை ஊற்றும் சுழல் அறுந்துவிடும், பதிலாகப் போதுமான அளவு புதிய கோ கம்பைலர் வேண்டும். பழைய ஜாவாஸ்கிரிப்ட் உள்முகத்தை நம்பும் லின்ட் கருவிகளைத் தனியே சோதித்த பிறகே மாறுங்கள்.

நோட் 22.18-இலிருந்து டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாக ஓட்டுமே, கம்பைலர் எதற்கு என்ற கேள்வியும் வரும். அது டைப் குறிப்புகளை உரித்துவிட்டு ஓட்டுகிறது, சரிபார்ப்பதில்லை. பெயரிட்ட மதிப்புப் பட்டியலான ஈனம் (enum) போன்றவற்றை அந்த முறையில் ஏற்கவும் செய்யாது. டெபியன் 12-இல் நோட் 18, 13-இலும் நோட் 20தான் என்பதால் லேபில் இப்போதைக்கு அந்தக் கேள்வியே எழாது.

பதிப்பை எப்போது மாற்றுவது? மே மாத விடுமுறையில் ஒரு பதிப்பைத் தேர்ந்து, டெப் கட்டி, இரண்டு கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, ஜூனுக்குள் அறுபதிலும் ஏற்றிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் செய்முறைத் தேர்வும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வரும். அந்த இரண்டு மாதமும் பதிப்பு மாறாதபடி பேக்கேஜை ஹோல்டில் வையுங்கள்.